விளிம்பில் வைத்த விரல்

அன்று அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாணயச் சங்கத்தின் தலைவர். கீழ்த்தளத்தில் பல் பிடுங்கும் டாக்டர் அவர்தான், மாடியறையைச் சங்கத்துக்குச் சும்மா விட்டுக்கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு வலக்கைப் பக்கம் கடிகாரக்காரர், கண்ணில் மாட்டும் லென்ஸை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு. இடக்கைப் பக்கம் நில அளவையாளர்; பாதித் தூக்கத்தில் இருப்பவர்போலத் தெரிவார், காசு ஒன்று கைமாறினால் மட்டும் கண் திறந்துவிடும். கடைக்கோடியில், எல்லார் முகமும் தெரிகிற இடத்தில், மைப்பேனாவும் கடிதக் கோப்புமாகச் செயலாளர். இவர்களுக்கு நடுவில், சில மாதங்களாக ஒருவரும் உட்காராமல் விட்டுவைத்திருந்த நாற்காலியில், யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்திருந்தாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. அவள் மடியில் ஒரு தகர டப்பா இருந்தது, சட்டைப் பொத்தான்கள் போட்டுவைக்கிற டப்பா.

"அந்தக் காசை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். "போலின்னு தெரியும். விக்கறதுக்கில்ல. எங்க அத்தை இதுலதான் போட்டு வெச்சிருந்தாங்க. இருந்த எடத்துலயே இருக்கட்டுமே."

எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். பார்ப்பதில் தப்பில்லை. போலிக்கு ஒரு மாதிரியாகச் சங்கத்தில் இருக்கட்டும் என்று அந்தக் காசைக் கேட்டு வாங்கி வைத்தவர் அவர்தான்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டது.

அந்த மேசையின்மேல் கனத்த பச்சைக் கம்பளித் துணி விரித்திருக்கும். காசுகளுக்கு அடிபடக் கூடாது என்பதற்காக டாக்டர் செய்த ஏற்பாடு. அதன்மேல் எந்தக் காசு விழுந்தாலும் பொத்தென்றுதான் விழும். இத்தனை வருஷத்தில் அந்தத் துணியில் விழுந்து ஒரு காசு ஒலித்துச் செயலாளர் கேட்டதில்லை. ஆனால் இப்போது ஒன்று ஒலித்தது. சுத்தமான வெள்ளி ஒலி, மெல்லிய நூலாகக் கிளம்பி, அறையின் மூலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, அவிந்துபோக மனசில்லாமல் நெடுநேரம் நின்று மறைந்தது. மேசையிலிருந்து வரவில்லை. அவருடைய சட்டையின் உள்பையிலிருந்து, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒருவரும் திரும்பவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி மட்டும், பக்கத்து வீட்டில் தன் பெயரை யாரோ சொன்னதுபோல, முகவாயைச் சற்றே தூக்கினாள். பிறகு தாழ்த்திக்கொண்டாள்.

"தேடிப் பாக்கணும்க்கா" என்றார் செயலாளர். "அலமாரி மாத்தினப்போ எங்க போச்சுன்னு தெரியல."

"செல்லாக்காச எவன் எடுத்துட்டுப் போகப் போறான், இங்கதான் கெடக்கும்" என்று சமாதானமாகச் சொன்ன கடிகாரக்காரர், சொன்ன வார்த்தை நாக்கை விட்டு இறங்கிய பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு எழுந்து போனாள். அவள் எழுந்த பிறகும் அந்த நாற்காலியின் பக்கம் கொஞ்ச நேரம் புளித்த மாவு வாசனை அடித்தது.

செல்லாக்காசு என்பது அந்த மேசையில் பிறந்த பெயர்.

ரொட்டிக்கடைக்காரர் சங்கத்துக்கு வந்து சேர்ந்தவர்களிலேயே ஒன்றும் தெரியாதவர், தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள வெட்கப்படாதவர். விடிவதற்கு முன்பிருந்து அடுப்படியில் நிற்கிற மனுஷன். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் இமைமயிரில் மாவு ஒட்டியிருக்கும். காசுகளைவிட அவற்றில் செதுக்கியிருக்கும் படங்களில்தான் அவருக்குப் பைத்தியம். "இந்தக் கொடி எந்தக் கையால வரைஞ்சது சார், இத்தனூண்டு எடத்துல எலைக்கு நரம்பெல்லாம் போட்டிருக்கான்" என்பார். அந்த ஆள் ஒருநாள் தன் அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு பழைய வெள்ளிக் காசை எடுத்து வந்து பச்சைத் துணிமேல் வைத்தார்.

தலைப்பக்கம் ஒரு அரசி. இடப்பக்கம் பார்த்த முகம். ஒரு கண், ஒரு காது, பின்னிக் கட்டிய கூந்தல், கழுத்தோடு நறுக்கென்று முடிந்துவிடும் உருவம். பூப்பக்கம் ஒரு பாய்மரக் கப்பல். இந்த வரைக்கும் ஒன்றும் விசேஷமில்லை, அப்படிப்பட்ட காசு செயலாளரிடமே பல இருந்தன. ஆனால் இந்தக் கப்பலின் மரத்து உச்சியில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. எள்ளளவு பறவை. முதல் அச்சில் செதுக்கியவன் தன் இஷ்டத்துக்கு வைத்ததாம். மேலிடம் கோபித்துக்கொள்ள, அடுத்த அச்சில் எடுத்துவிட்டானாம். பறவை உள்ள காசு இருக்கிறது என்று படித்திருந்தார்களே ஒழிய அந்த அறையில் யாரும் கண்ணால் கண்டதில்லை. செயலாளர் வீட்டு மரத்தட்டில், வெல்வெட் பதித்த குழிகளில், கப்பல் காசுகள் வரிசையாக இருந்தன. நடுக்குழி ஒன்று மட்டும் அவர் வாலிபத்திலிருந்தே காலி.

நிஜமா போலியா என்று பார்க்கச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியில் காசைப் படுக்கையாக நிறுத்தி, இன்னொரு காசால் அதன் விளிம்பில் லேசாகத் தட்ட வேண்டும். அச்சில் அடித்த வெள்ளி மணிபோல ஒலிக்கும். உருக்கி வார்த்த போலி டொக்கென்று நின்றுவிடும். தட்டிப் பார்க்கிற வேலை எப்போதும் செயலாளருக்குத்தான். அவர் காது தப்பாது என்பது சங்கத்தில் எழுதாத சட்டம்.

அன்றைக்கும் அவர்தான் தட்டினார். தட்டுகிற நேரத்தில் அவருடைய கட்டைவிரல், தானாக நகர்ந்ததுபோல நகர்ந்து, காசின் விளிம்பைத் தொட்டது. அவ்வளவுதான். விளிம்பில் விரல் பட்டால் நல்ல காசும் ஊமையாகிவிடும்.

டொக்.

"வார்ப்பு" என்றார்.

ரொட்டிக்கடைக்காரர் சிரிக்கத்தான் பார்த்தார். "எங்கம்மா சும்மா சொல்ல மாட்டாங்களே சார். அவங்க பாட்டி குடுத்ததுன்னு சொல்லுவாங்க. பொய் சொல்ற ஆளு இல்ல அவங்க." அதற்குக் கடிகாரக்காரர், "அம்மா பொய் சொல்லல, காசு சொல்லுது. மகனும் செல்லாக்காசு, மகன் கொண்டாந்ததும் செல்லாக்காசு" என்று ஒரு போடு போட, எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் கொஞ்சம் அதிகம்.

பெயர் மாடிப்படி இறங்கி ஊருக்குள் போய்விட்டது. ரொட்டி வாங்க வருகிறவர்கள் காசைக் கல்லாப்பெட்டிமேல் தட்டி, "நல்லதா பாத்துக்கங்க செல்லாக்காசு அண்ணே" என்று கேலி செய்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் சங்கத்துக்கு வருவதை நிறுத்தினார். பிறகு கடையின் முன்பக்கத்துக்கு வருவதை நிறுத்தினார். அம்மா படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஒரு விடிகாலையில் அடுப்புக்கு எதிரே, மாவு அள்ளும் தட்டின்மேல் கவிழ்ந்து கிடந்தார். இதயம் என்றார் டாக்டர். அடக்கத்துக்குப் போன செயலாளர் தூரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். அவர் பார்க்கவில்லை.

இப்போது சங்கத்திலிருந்து செயலாளர் வீட்டுக்கு வந்து, முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்பையிலிருந்து காசை எடுத்தார். நடுக்குழியில் அவர் அதை வைத்ததே இல்லை. வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வெளியே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். உள்ளே இருந்த காரணத்தை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பஞ்சில் சுற்றி நெஞ்சோடு கொண்டுபோவதும், பிரித்துப் பார்ப்பதும், மறுபடி சுற்றுவதுமாகவே இத்தனை மாதம் போயிற்று.

மழை வரப்போகிற சாயங்காலம். விளக்குப் போடத் தேவையில்லாமல் இன்னும் வெளிச்சம் இருந்தது, படிப்பதற்குப் போதாது. லென்ஸைக் கண்ணில் வைத்தார். என்னவோ சரியில்லை. எது என்று தெரியாமல் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தெருவில் தெரிந்தவர் ஒருவர் மீசையை எடுத்துவிட்டு எதிரே வரும்போது தடுமாறுவோமே, அந்தத் தடுமாற்றம். எதையும் முறையாகச் செய்கிறவர் ஆகையால் கோப்பைத் திறந்து, அந்தக் காசு கைக்கு வந்த அன்றைக்கே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருந்த நகலைப் பக்கத்தில் வைத்தார்.

நகலில் அரசிக்கு ஒரு கண். மூக்கின் கோட்டுக்கு அப்பால் வெறும் வெளி.

காசில் மூக்கின் கோட்டுக்கு அப்பால் ஏதோ புடைத்திருந்தது. மிக மெல்லியது. இன்னொரு கண்ணின் இமைமயிர்.

அழுக்கு என்று நினைத்தார். வெள்ளி கறுப்பது புதிதா? மான்தோல் துண்டால் ஒற்றி எடுத்தார். இமைமயிர் போகவில்லை. அடுத்த அறையில் மனைவியின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"என்னங்க, பக்கத்துல யாராவது ரொட்டி சுடறாங்களா?" என்றாள். "வாசனை வருதே."

"நம்ம தெருவுல ஏது அடுப்பு?"

"அதான் கேக்கறேன்." மிஷின் மறுபடி ஓடியது. பிறகு, "சாப்பிட வாங்க. கூப்பிட்டா மொகத்தக் குடுத்து ஒரு வார்த்த பதில் சொல்றதில்ல. கல்யாணம் பண்ணினப்பவே அந்த ராணியப் பண்ணியிருக்கலாம்" என்றாள். பழைய கேலிதான். ஆனால் ராணி என்றதும் காசு அவர் கையில் ஒலித்தது.

அவர் தட்டவில்லை. எதுவும் அதில் படவில்லை. உள்ளங்கைச் சதையில் கிடக்கிற காசு ஒலிக்கவே முடியாது. ஒலித்தது. எலும்பு வழியாக முழங்கைக்கு ஏறியது ஒலி. அடங்கியதும் லென்ஸில் பார்த்தார். இமை தெரிந்தது, இமைக்குக் கீழே கண்ணின் ஓரம். கன்னம் வட்டமாகத் திரும்பியிருந்தது. கூந்தல் பின்னல் பின்புறமாகப் போய் மறைந்துகொண்டிருந்தது.

காசைப் பஞ்சில் சுற்றினார். பஞ்சைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, காலுறையைப் போர்வைகளுக்கு அடியில் திணித்து, அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். எதிரே மனைவி. தண்ணீர் டம்ளரை அவள் மேசைமேல் வைத்ததும் அலமாரி ஒலித்தது. கரண்டி பாத்திரத்தில் பட்டது. ஒலித்தது. அவள் வளையல் ஒன்றோடொன்று உரசியது. ஒலித்தது. ஒவ்வொரு தடவையும் மரக்கதவுக்குள், போர்வைக்குள், கம்பளிக்குள் ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதை, கதவைப் பார்க்காமலே அவரால் உணர முடிந்தது. கழுத்தைத் திருப்பும்போது எலும்பு நெரிகிற சத்தம் கூடக் கேட்டது.

"ஒடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி. அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவள் பக்கவாட்டில் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண், ஒரு காது.

வாசனை இப்போது வீடெங்கும் இருந்தது. வெந்த மாவு, சூடான தகரம், கொஞ்சம் வியர்வை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். போர்வையில் கைவிட்டார். உள்ளே கதகதப்பாக இருந்தது, அப்போதுதான் ஒருவர் எழுந்து போன படுக்கையைப்போல.

காசு சுட்டது.

முகம் முழுதாகத் திரும்பியிருந்தது. நேருக்கு நேர். பின்னல் இல்லை. அரசி இல்லை. அகன்ற நெற்றி, நடுவகிடு எடுக்காத தலை, இரண்டு இமைகளிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. அடக்கத்தன்று அவர் பார்க்காமல் வந்த முகம். கண்கள் மூடியிருந்தன. வாய் மூடியிருந்தது. பேசப்போகிறவரின் உதடு எப்படி இருக்குமோ அப்படி.

அவர் விரல் நகர்ந்து காசின் விளிம்பைத் தொட்டது.

கண்கள் திறந்தன.

அதற்கப்புறம் அவர் கடிதம் எழுத உட்கார்ந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாத நேரங்களில் எல்லாம் அவர் கடிதம்தான் எழுதுவார். காசைக் கவிழ்த்து, பறவை மேலே தெரிய வைத்து, அதன்மேல் கனத்த மைக்கூட்டை வைத்தார். தாளை எடுத்தார். மேலே தேதி, இடது ஓரத்தில் விரலகலம் இடம், 'மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு'. முதல் வரி தானாக வந்தது. 'அன்று தங்கள் கணவரின் காசு ஒலிக்காமல் போனதற்குக் காரணம் காசு அல்ல, என் விரல்.'

எழுதியதும் வீடு அமைதியானது. வாசனை தணிந்தது. மைக்கூட்டின் அடியில் காசு ஆறிக்கொண்டு வருவதை, சூட்டில் வளைந்திருந்த தாளின் ஓரம் மெதுவாகப் படிவதை வைத்துத் தெரிந்துகொண்டார். இரண்டாவது வரியும் எழுதினார். தங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. தங்கள் கணவரும் பொய் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்ததுபோல இருந்தது. எத்தனை சுலபம். இரண்டே வரி.

வழக்கப்படி, கையெழுத்துப் போடுவதற்குமுன் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தார். படித்தபோது, அவர் மனசுக்குள், அது ரொட்டிக்கடைக்காரரின் மனைவி காதில் விழவில்லை. கடிகாரக்காரர் காதில் விழுந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நில அளவையாளர் கண்ணைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிப்படியில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஏறுவது? இனிமேல் யார் காது தப்பாதது? கடைக்கோடி நாற்காலி காலியாகக் கிடப்பது தெளிவாகத் தெரிந்தது.

தாளை நான்காகக் கிழித்தார். அந்தத் துண்டுகளையும் கிழித்தார்.

புதுத்தாளில் எழுதியது இது: 'தங்கள் மாமியாருடைய காசு தேடியதில் கிடைத்தது. முன்பு தெரிவித்தபடி இது வார்ப்புதான் எனினும், தங்கள் விருப்பத்துக்கிணங்க இத்துடன் அனுப்பியுள்ளேன். பெற்றுக்கொண்டமைக்கு ஒரு வரி எழுதவும்.' கையெழுத்து பிசிறில்லாமல் விழுந்தது. காசைத்தானே கேட்டாள்? கொடுத்தாயிற்று. இதற்குமேல் யார் என்ன கேட்க முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ரொட்டி கருகுகிற நாற்றம் அடித்தது.

அவர் நிமிரவில்லை. மைக்கூட்டைத் தூக்கி, பார்க்காமலே காசைப் பஞ்சில் பொதிந்து, கடிதத்தோடு உறையில் போட்டார். அரக்கை விளக்கில் காட்டி உறையின் வாயில் சொட்டவிட்டார். சிவப்பாக, தடிப்பாகப் பரவியது. சங்கத்து முத்திரையை அழுத்தினார். உள்ளிருந்து ஏதோ மெல்ல எதிர்த்து அழுத்தியது. இன்னும் பலமாக அழுத்தினார். ஓய்ந்தது.

காலையில், மழை விட்ட வெயிலில், தபால் நிலையம் நிறைய ஆட்கள். ஈரக் குடைகள், பசை வாசனை, தலைக்குமேல் முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. சாதாரண மனிதர்களின் சாதாரண முகங்கள். அவருக்கு மூச்சு சீராக வந்தது. அவர் முறை வந்ததும் உறையைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் நீட்டினார். குமாஸ்தா எடை போட்டார், தபால்தலை ஒட்டினார், உறையைக் கல்மேசைமேல் வைத்து முத்திரைக் கட்டையை ஓங்கிக் குத்தினார்.

ஒலித்தது.

பஞ்சுக்குள்ளிருந்து, தாளுக்குள்ளிருந்து, அரக்குக்குள்ளிருந்து. அன்று பச்சைத் துணிமேல் ஒலித்திருக்க வேண்டிய ஒலி. பொய் கலக்காத வெள்ளி ஒலி. இந்த முறை அவருக்கு மட்டுமல்ல. குமாஸ்தாவின் கை நின்றது. வரிசையில் பேச்சு நின்றது. குடையை உதறிக்கொண்டிருந்த பெண் உதறுவதை நிறுத்தினாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், நேருக்கு நேர், கெட்டது ஒன்றும் இல்லாத பார்வை, ஆச்சரியம் மட்டும்.

"உள்ள என்ன சார் இருக்கு?" என்றார் குமாஸ்தா. "கோயில் மணி மாதிரி கேக்குது."

ஒலி நின்றுகொண்டே இருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

"ஒண்ணுமில்ல" என்றார் செயலாளர். "செல்லாக்காசு."

சொல்லும்போதே அவர் கட்டைவிரல் தடுப்புக்கு அடியில் நகர்ந்து, உறையின் விளிம்பைத் தொட்டது.

டொக்.

ஒலி அறுந்தது. கூடவே எல்லாம் அறுந்தது. மின்விசிறி சுற்றியது, முனகலைக் காணோம். தெருவில் வண்டிகள் போயின, சத்தத்தைக் காணோம். குமாஸ்தாவின் வாய் அசைந்தது. உறையை எடுத்தார், பின்னாலிருந்த சாக்குப்பையில் போட்டார். பையின் வாயைக் கட்டினார்கள். தூக்கிப் போனார்கள். போய்விட்டது.

"ரசீது" என்றார் செயலாளர். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

குமாஸ்தா இடப்பக்கம் திரும்பியிருந்தார். ஒரு கண், ஒரு காது. செயலாளர் நகர்ந்து நின்று பார்த்தார். அப்போதும் ஒரு கண், ஒரு காது. பின்னால் திரும்பினார். வரிசை. குடைக்காரப் பெண். கிழவர். இடுப்பில் குழந்தை, குழந்தையைச் சுமந்த தாய். எல்லாரும் இடப்பக்கம் பார்த்தபடி. அவர் நகர நகர, அவர்களும் அப்படியே. எங்கே போய் நின்றாலும் ஒரு பக்கம்தான்.

யாராவது ஒரு முகம். ஒரே ஒரு முகம்.

கண்ணாடித் தடுப்பில் ஒன்று தெரிந்தது. தன்னுடையதுதான். குனிந்தார். நேராகப் பார்த்தார். அது நேராகப் பார்க்கவில்லை. இடப்பக்கம் பார்த்தது. ஒரு கண். ஒரு காது. கழுத்தோடு நறுக்கென்று முடிந்திருந்தது. அதன் விளிம்பில், வெளியே எங்கிருந்தோ வந்து, ஒரு கட்டைவிரல் மெல்லப் பதிந்தது. நகத்தோரத்தில் மாவு.